அல்மா-அத்தாவில் நான் ஆடாத ஆட்டம்

எங்கள் லோட்ஸ்மான் கிளப்பின் பெரிய அணி ஞாயிற்றுக்கிழமை ஆடினால், ரிசர்வ் அணியான நாங்கள் சனிக்கிழமை ஆடுவோம். அதே மைதானம். எதிரே, மறுநாள் பெரிய அணியோடு மோதப்போகிற ஊர்க்காரர்களின் ரிசர்வ் அணி. அந்தக் காலத்தில் நாடு முழுக்க அதுதான் வழக்கம். ஞாயிறன்று இருபதாயிரம் பேர் உட்காரும் இடத்தில் சனியன்று நாற்பது பேர் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பந்தை உதைத்தால் அந்தச் சத்தம் காலி பெஞ்சுகளில் பட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வரும். கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றபடி நான்கு வருஷம் அந்த எதிரொலியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டம் நிஜமாகவே நடக்கிறதா, இல்லை நாளைக்கு நடக்கப்போவதை யாரோ தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்றுகூடச் சில சனிக்கிழமைகளில் தோன்றும்.

என் பெயர் க்ளெப் ரியாபினின். நான் சொல்லும் இந்த ஏப்ரலில், எழுபத்து நாலாம் வருஷம், எனக்கு இருபத்து நாலு வயது.

அந்த மாதம் அல்மா-அத்தாவில் ஆட்டம். பெரிய அணிக்கு விமானம். எங்களுக்கு ரயில். வோல்காக் கரையிலிருந்து மூன்றரை நாள். எங்கள் கோச் வெனிதிக்த் லூகிச் பதினாலு பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வழக்கமாக இரண்டு கீப்பர்கள் போவோம். இன்னொருவனுக்குப் பொன்னுக்குவீங்கி வந்து கன்னம் பூசணிக்காய்போல் வீங்கிவிட்டதால் நான் மட்டும்தான்.

"ரியாபினின், நீ தும்மக்கூடக் கூடாது. உன்னை முட்டை மாதிரி கொண்டு போகப்போறேன்" என்றார் கோச்.

ரயிலின் கடைசியில் இருந்த எங்கள் பெட்டியைப் பார்த்துக்கொண்டவர் கபித்தோன் என்கிற ஆள். படுக்கை விரிப்பு கொடுப்பது, கரி போட்டு வெந்நீர்க் கொதிகலனைக் காய்ச்சுவது, டீ கொண்டுவருவது எல்லாம் அவர்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒவ்வொரு கதவுக்கும் குனிந்துதான் நுழைவார். அவர் கையில் டீ கிளாஸ் மருந்துக் குப்பிபோல் இருக்கும். நடைவழியில் நான் கை கால் நீட்டிப் பயிற்சி செய்வதைப் பார்த்து நின்றார்.

"கீப்பரா? நானும் பட்டாளத்துல ரெண்டு வருஷம் கம்பத்துக்கு நடுவுல நின்னவன்தான் தம்பி."

"எத்தனை கோல் விட்டீங்கண்ணே?"

"எண்ணினா தூக்கம் வராதுன்னு விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு டீத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாம் நாள் மதியம் புல்வெளிக்கு நடுவே ரயில் நின்றது. ஊர் இல்லை, மரம் இல்லை. இரண்டு வீடு, ஒரு தண்ணீர்த் தொட்டி, 'நிறுத்தம் எண் 87' என்று ஒரு பலகை. எதிரே சரக்கு ரயில் வரவேண்டும், நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். எல்லோரும் கீழே இறங்கிச் சோம்பல் முறித்தார்கள். நானும் வீட்டுச் செருப்போடு இறங்கினேன்.

தண்டவாளத்தின் அந்தப் பக்கம் காட்டு டியூலிப் பூத்திருந்தது. பூந்தொட்டியில் பார்க்கிற மாதிரி பெரியது கிடையாது, விரல் உயரம்தான். மஞ்சளும் சிவப்பும் கலந்து வானம் தொடும் இடம் வரைக்கும் பரவியிருந்தது. பத்து நாள்தான் அந்தப் பூவுக்கு ஆயுள். வெயில் வந்ததும் எல்லாம் காய்ந்து மண்ணாகிவிடும். நான் அதற்குள் நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து வந்த பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. காற்று மட்டும் இருந்தது. நான்கு வருஷமாக என் காதுக்குள் இருந்த எதிரொலி அங்கே இல்லை. முட்டிக்கொள்ளச் சுவர் எதுவும் இல்லாத இடத்தில் எதிரொலி எங்கிருந்து வரும்? மல்லாந்து படுத்தேன். மேகம் ஒன்று மெதுவாக ஒட்டகமாகி, படகாகி, பிறகு வெறும் வெள்ளையாகிக் கலைந்தது. அதற்கு மேல் எனக்கு நினைவில்லை.

ஊதல் சத்தத்தில் விழித்தேன். ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. எழுந்து ஓடினேன். ஒரு செருப்பு கழன்று விழுந்தது.

ஓடினேன் என்று சொன்னேன் இல்லையா, அதை இங்கே சரியாகச் சொல்லிவிடுகிறேன். கோல் கம்பத்திலிருந்து பாய்கிற கால் என்னுடையது. அந்த ரயில் அப்போது நடக்கிற வேகத்தில்தான் போனது. முழுமூச்சாக ஓடியிருந்தால் கடைசிப் பெட்டியைப் பிடித்திருப்பேன். நான் முழுமூச்சாக ஓடவில்லை. ஏன் என்று அப்போது தெரியாது. கால்கள் தாமாகவே ஒரு ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டன.

ரயில் ஒரு கோடாகி, புள்ளியாகிப் போனது. நிறுத்தத்தின் வாசலில் பச்சைக் கொடியைச் சுருட்டியபடி ஒரு பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் அங்கே பொறுப்பாளர், பெயர் குல்யாஷ். கசாக் பெண். நாற்பதை நெருங்கியிருப்பாள்.

"வண்டி உன்னுதா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"இப்ப இல்ல" என்று சொல்லி உள்ளே போய் ரயில்வே போனைச் சுழற்றினாள். அடுத்த பெரிய ஸ்டேஷனுக்குச் செய்தி போனது. இரண்டு மணி நேரம் கழித்து அங்கிருந்து எங்கள் கோச்சின் பதில் வந்தது. குல்யாஷ் போனைக் காதில் வைத்து நெடுநேரம் கேட்டாள். முகம் சிவந்தது. வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னக்கா சொன்னாரு?"

"உன் பேரு மட்டும்தான் தம்பி நான் திருப்பிச் சொல்லக்கூடியதா இருந்துச்சு."

அடுத்த பயணிகள் ரயில் மறுநாள் அதே நேரத்துக்குத்தான். அதில் ஏறினால் ஆட்டம் முடிந்து மறுநாள் காலை போய்ச் சேருவேன். வேறு வழி இல்லை.

சாயங்காலம் குல்யாஷின் கணவர் எசென் வந்தார். தினமும் தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துக்கொண்டே பதினாறு கிலோமீட்டர் நடக்கிறவர். ஆட்டுக்கறி போட்ட மாவுப்பட்டைச் சூப்பும், கிண்ணத்தில் பால் விட்ட டீயும் சாப்பிட்டோம்.

"நீ என்ன வேலை பாக்குற?" என்றார் எசென்.

"கோல் கீப்பர்ணே."

"அப்படின்னா?"

"ரெண்டு கம்பத்துக்கு நடுவுல நிப்பேன். பந்து வந்தா பிடிப்பேன்."

"வரலைன்னா?"

"நின்னுக்கிட்டே இருப்பேன்."

எசென் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "உன் வேலைதான்டி. கொடி மட்டும் இல்ல."

குல்யாஷ் சிரித்ததில் கிண்ணத்து டீ தளும்பியது. நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை.

மறுநாள் காலை எசெனோடு தண்டவாளத்தில் நடந்தேன். அவர் தட்டுவார், இரும்பு மணிபோல் ஒலிக்கும். ஒலி தண்டவாளத்துக்குள்ளேயே ஓடித் தூரத்தில் கரைந்துவிடும். சுற்றிலும் பூ. நான் எந்த அணியிலும் இல்லாத ஒரே காலை அது. மதியம் குல்யாஷ் கொடி காட்டி ரயிலை நிறுத்தினாள். எசெனின் பழைய பூட்ஸை எனக்குப் போட்டுவிட்டிருந்தாள். "அடுத்த தடவை தூங்கணும்னா வண்டிக்குள்ளேயே தூங்கு தம்பி" என்று சொல்லி என்னைப் பெட்டிக்குள் தள்ளினாள்.

அல்மா-அத்தாவில் ஞாயிற்றுக்கிழமை காலை இறங்கினேன். ஊரெங்கும் ஆப்பிள் மரம் பூத்திருந்தது. தெரு முடிகிற இடத்திலெல்லாம் பனிமலை நின்றது. ரயிலின் குலுக்கல் உடம்பைவிட்டுப் போகாததால் மலை லேசாக அசைவதுபோலத் தெரிந்தது. பிளாட்பாரத்தில் எங்கள் பின்வரிசை ஆட்டக்காரன் ஃபயாஸ் காத்திருந்தான். என்னைக் கண்டதும் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"வாழ்த்துக்கள்டா! நேத்து பிச்சு உதறிட்ட!"

"என்னடா உளர்ற?"

"ஒண்ணுக்கு சைபர்னு ஜெயிச்சோம். நீ பெனால்டி வேற பிடிச்ச."

வழியெல்லாம் அவன் சொன்னான். நான் தவறிய மறுநாள் ஏதோ ஸ்டேஷனில் மீன் வைத்த பணியாரம் வாங்கித் தின்று மூன்று பேர் படுத்துவிட்டார்கள். மீதி பத்துப் பேர். ரயில் வேறு தாமதம். சனிக்கிழமை காலை, இறங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது, கோச் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கபித்தோன் டீ கொண்டுவந்து வைத்தார். கோச் தொடவில்லை.

"டீ ஆறுது தோழர் கோச்."

கோச் நிமிர்ந்தார். கபித்தோனின் தோளைப் பார்த்தார். கையைப் பார்த்தார். "நீ பட்டாளத்துல கீப்பரா இருந்தேன்னு சொன்னியாமே?"

"பன்னெண்டு வருஷம் ஆச்சு."

"வண்டி எப்ப திரும்புது?"

"நாளைக்கு விடியக்காலை."

"சாயங்காலம் என்ன வேலை உனக்கு?"

"பெட்டியக் கழுவணும்."

"நாங்க பதினோரு பேரும் சேந்து கழுவித் தர்றோம்" என்றாராம் கோச்.

கபித்தோன் ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம். "கோல் விட்டா திட்டக் கூடாது. திட்டினா எனக்குக் காது அடைச்சிடும்."

என் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, என் பெயரில் இறங்கினார். ரிசர்வ் ஆட்டத்தில் யார் முகத்தைப் பார்க்கிறார்கள்? நடுவர் பட்டியலில் பெயரைச் சரிபார்த்ததோடு சரி. முதல் பாய்ச்சலிலேயே ஜெர்சி அக்குளில் கிழிந்தது. கார்னரிலிருந்து வந்த பந்துகளை மேல் பர்த்திலிருந்து பெட்டி இறக்குவதுபோல் எடுத்துக் கீழே வைத்தாராம்.

"அந்த பெனால்டி இருக்கே" என்று ஃபயாஸ் தெருவிலேயே நின்றுவிட்டான். "ஆள் அசையவே இல்லடா! அந்த மலை மாதிரி நின்னாரு. பந்து வந்து நெஞ்சுல மோதிட்டு, தப்பான வீட்டுக்கு வந்துட்டேன்னு திரும்பிப் போயிடுச்சு."

ஹோட்டலில் வெனிதிக்த் லூகிச் என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் குரல் ரகசியமாக வந்தது.

"நீ நேத்து ஆடுன. புரியுதா? வெளிய தெரிஞ்சா ஆட்டம் செல்லாது, என் வேலை போயிடும். நீ பூவும் பாக்கல, புல்லும் பாக்கல."

"சரி கோச்."

"நல்லா ஆடுன" என்றார். பிறகு அவரே முகத்தை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

கதவு தட்டப்பட்டது. பெரிய அணியின் கோச். அவர்களுடைய விமானம் நேற்று இருட்டிய பிறகுதான் வந்திறங்கியதால் எங்கள் ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை. கையில் உள்ளூர்ப் பேப்பர். அதில் விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் ஒரு பத்தி.

"ரியாபினின், நாலு வருஷமா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றார். அவருடைய முதல் கீப்பருக்கு முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. "இன்னிக்கு நீ நம்ம பெஞ்சுல உக்காரு."

நான் வெனிதிக்த் லூகிச்சைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக ஆப்பிள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் எழுபதாவது நிமிஷத்தில் எங்கள் இரண்டாவது கீப்பருக்கு விரல் முறிந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. நான் உள்ளே போனேன். முப்பதாயிரம் பேர். இத்தனை பேர் இருந்தால் எதிரொலி வராது, ஒரு பெரிய மூச்சு மட்டும்தான் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் மெதுவாகத் தெரிந்தது. கோலுக்குப் பின்னாலிருந்து ஒரு கிழவர் கத்தினார்:

"டேய் தம்பி! நேத்து தடியா இருந்தியே! ராத்திரி சோறு போடலியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. சிரித்ததும் எல்லாம் பழைய வேகத்துக்கு வந்தது. இருபது நிமிஷத்தில் மூன்று பந்து வந்தது. மூன்றையும் பிடித்தேன். ஒன்று நிஜமாகவே கடினமானது. அதற்குக் கிழவர் எழுந்து நின்று, "ஆளு இளைச்சாலும் அதே கைதான்டா!" என்றார்.

ஆட்டம் சமனில் முடிந்தது. என்னை ஊருக்கு விமானத்தில் கூட்டிப் போனார்கள். அதன் பிறகு இரண்டு வருஷம் பெரிய அணியில் இருந்தேன், பத்தொன்பது ஆட்டம் ஆடினேன். சுமாரான கீப்பர் என்று சொல்வார்கள், அது சரிதான். பிறகு முழங்கால் போய், துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

கபித்தோனை மட்டும் மறக்க முடியவில்லை. நான் வந்து இறங்கிய காலையில் அவர் ரயில் போய்விட்டிருந்தது. ரயில்வேக்குக் கடிதம் எழுதி விசாரித்தால் விஷயம் கசிந்துவிடும் என்று பயம். அதனால் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பெட்டி வாசல்களைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. குனிந்து இறங்குகிற ஆள் யாராவது தென்பட்டால் கிட்டப் போய் முகத்தைப் பார்ப்பேன். தூக்கத்திலும் அவர் வருவார். மூடுபனி நிறைந்த மைதானத்தில், கிழிந்த என் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, பந்துக்குப் பதில் டீ கிளாஸைப் பிடித்துப் பிடித்துப் புல்லில் வரிசையாக வைத்துக்கொண்டிருப்பார்.

எழுபத்தேழில், இலையுதிர்காலத்தில், துறைமுக வேலையாகத் தெற்கே போனேன். ஆரால் கடல் ஸ்டேஷனில் எங்கள் ரயில் நின்றது. பக்கத்துத் தண்டவாளத்தில் எதிர்த்திசை ரயில் ஒன்று வந்து ஒட்டி நின்றது. என் ஜன்னலுக்கு நேர் எதிர் ஜன்னலில் ஒரு பெரிய கை துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது. நான் ஜன்னலை இறக்கினேன்.

"கபித்தோண்ணே!"

கை நின்றது. அந்த ஜன்னலும் இறங்கியது. அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்க... அட, ரியாபினின்! அன்னிக்கு நான்தானே நீ!"

"ஆமாண்ணே. மூணு வருஷமா உங்களைத் தேடுறேன்."

"எதுக்குத் தம்பி? ஜெர்சி கிழிஞ்சதுக்கா?"

அவரே தொடர்ந்தார். "ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு. பேப்பர்ல வந்துச்சாமே? என்ன போட்டிருந்தான்? எனக்கு யாருமே சொல்லல."

எனக்கு அது மனப்பாடம். சொன்னேன்: "'விருந்தினர் அணியின் கீப்பர் ரியாபினின் பெனால்டியின்போது காட்டிய நிதானம், நீண்ட அனுபவம் உள்ளவர்களுக்கே வாய்ப்பது.'"

"நிதானமா!" அவர் ஜன்னல் விளிம்பைத் தட்டிச் சிரித்தார். "பயத்துல கால் தரையோட ஒட்டிக்கிச்சுடா. நகர முடிஞ்சிருந்தா ஓடியே போயிருப்பேன்." பிறகு குரல் தணிந்தது. "ஆனா ஒண்ணு. ஒன்றரை மணி நேரம் என்கிட்ட யாரும் எதுவும் கேக்கல. டீ கேக்கல, தலகாணி கேக்கல. கொதிகலன் ஞாபகமே வரல. மலையப் பாத்துக்கிட்டு நின்னேன். நல்லா இருந்துச்சு."

அவருடைய ரயிலில் மணி அடித்தார்கள். எனக்கு அவசரமாகிவிட்டது. யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"அண்ணே, அன்னிக்கு நான் முழு வேகத்துல ஓடல. பிடிச்சிருக்கலாம்."

"தெரியும்."

"எப்படி?"

"கடைசிப் பெட்டி வாசல்ல கை நீட்டிக்கிட்டு நின்னது நான்தான். நீ என்னைப் பாக்கவே இல்ல. அந்தப் பூவைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே ஓடுன. இவனுக்கு இப்ப ரயில் வேணாம்போலன்னு கையை இழுத்துக்கிட்டேன்."

அவர் ஜன்னல் நகர ஆரம்பித்தது. "யார்கிட்டயும் சொல்லலியா?" என்று கத்தினேன்.

"எதுக்குச் சொல்லணும்? நல்ல பையன் தூங்கிட்டான்னேன்!"

அவர் ரயில் போனதும் ஜன்னலுக்கு வெளியே வெறும் மணல் தெரிந்தது. எங்கள் ரயில் போகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

காலம் ஓடியது. நாடு மாறியது. வெனிதிக்த் லூகிச் இறந்து பத்து வருஷம் ஆன பிறகு, கிளப் ரிசர்வ் அணியின் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டது. அதைத் தொகுத்தவர் ஊர் நூலகத்தில் வேலை பார்த்த ரிம்மா என்ற பெண். கறாரானவர். அல்மா-அத்தா ஆட்டத்தைப் பற்றிக் கேட்க என் வீட்டுக்கு வந்தார். ரிசர்வ் அணி வெளியூரில் ஆடிய நல்ல ஆட்டங்களில் அதுவும் ஒன்றாம்.

"நான் ஆடலம்மா" என்றேன்.

முழுக்கதையையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். "ஆவணம் இருக்கா?"

"ஃபயாஸ் இருக்கான்."

"அவரு ஆவணமா?"

"எழுதிக் கொடுப்பான்."

ஃபயாஸ் நான்கு பக்கம் எழுதினான். அதில் இரண்டு பக்கம் பெனால்டி பற்றி. அதோடு ரயில் பெட்டியை யார் யார் கழுவினார்கள், யார் டபாய்த்தார்கள் என்ற பட்டியலும் இருந்தது. பொய் சொல்கிறவனுக்கு இந்தப் பட்டியல் தேவைப்படாது என்று ரிம்மா ஒப்புக்கொண்டார். புத்தகத்தின் கடைசியில் ஆட்டக்காரர்கள் பெயர் வரிசையில் ஒரு வரி சேர்ந்தது: கபித்தோன் ஷெலுதியாகோவ், ரயில் ஊழியர், கீப்பர், ஒரு ஆட்டம், விட்ட கோல் இல்லை. அப்படிப்பட்ட கணக்கு எங்கள் அணியில் வேறு எந்தக் கீப்பருக்கும் கிடையாது. என் பெயருக்கு நேரே ஓர் ஆட்டம் குறைந்தது.

இப்போது பயப்பட ஒன்றும் இல்லை என்பதால் ரயில்வேக்கு எழுதி முகவரி வாங்கி, ஒரு பிரதியை அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து பதில் வந்தது. எழுதியிருந்தது அவர் மனைவி.

'வணக்கம். உங்கள் புத்தகம் கிடைத்தது. அது வந்த நாளிலிருந்து இவர் வீட்டில் ஒரு வேலையும் செய்வதில்லை. உருளைக்கிழங்கு தோண்டச் சொன்னால், லோட்ஸ்மான் ஆட்டக்காரனிடம் பேசுகிற பேச்சா இது என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் புத்தகத்தைப் பார்த்துவிட்டார்கள், இப்போது எதிர் வீட்டுக்காரர்களை வரவழைக்கிறார். இதற்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு. கோடையில் வந்து கிழங்கு தோண்டிக் கொடுத்துவிட்டுப் போகவும். சாப்பாடு நான் போடுகிறேன்.'

ஜூலையில் போனேன். எட்டு வரிசை கிழங்கு. கபித்தோன் வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எனக்கும் அவருக்குமாக டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.